சொன்ன வாயும் எழுதிய கையும்

தமிழில் கடித இலக்கியம் என்று பேசப்படுவது பெரும்பாலும் எழுத்தாளர்களின் கடிதங்களே. ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதியவை, புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை, கு. அழகிரிசாமி தம் இடைசெவல் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதியவை எல்லாம் நூல்களாக வந்து நிலைத்துவிட்டன. இவற்றில் எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர். கடிதத்தின் நெருக்கம் எழுதியவரின் கையெழுத்தில் இருக்கிறது என்ற எண்ணம் இவற்றைக் கொண்டே வேரூன்றியது. சாதாரணக் குடும்பங்களின் கடிதங்களுக்கு அது பொருந்தாது.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 18 பேர்தான். பெண்களில் 9 பேர்கூட இல்லை. ஆயினும் 1879இல் வந்த காலணா கார்டும் 1950இல் வந்த இன்லேண்ட் லெட்டரும் எழுத்தறியாதவர் வீடுகளுக்கும் போய் வந்தன. திண்ணையில் உட்கார்ந்து தாய் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதும். "உடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்பது தாளில் "உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்" என்றாகும். அவள் அழுதது தாளில் ஏறாது. ஆனால் வெளியூரிலிருக்கும் மகன் அந்த வரியைத் தாயின் குரலிலேயே கேட்டான். பிள்ளையின் கோணல் எழுத்து அதற்குத் தடையாகவில்லை.

இதற்குத் துணைநின்றவை வாய்பாடுகள். உச்சியில் பிள்ளையார் சுழி, பிறகு ஊரும் தேதியும், "நலம், நலமறிய ஆவல்", விஷயத்துக்குள் நுழைய ஓர் "இப்பவும்", முடிவில் "மற்றவை நேரில்". இவற்றை வெற்றுச் சடங்கு என்று ஒதுக்குவது தவறு. யார் எழுதினாலும் கடிதம் சொன்னவருடையதாகவே இருக்க இந்தப் பொதுமொழிதான் வழிசெய்தது. சொல்ல மறந்ததெல்லாம் இன்லேண்ட் லெட்டரின் மடிப்போரத்தில் பொடி எழுத்தில் நெருக்கியடித்து ஏறும். கடன், வரன், மாடு கன்று போட்டது என்று வீட்டின் உண்மையான பேச்சு பல கடிதங்களில் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

படிப்பதும் பலர் கூடிய காரியமே. தபால்காரரோ அடுத்த வீட்டுப் பையனோ உரக்கப் படிக்க, வீடே சுற்றி நின்று கேட்கும். மறுநாள் இன்னொருவரைக் கொண்டு மறுபடி படிக்கச் சொல்வதும் உண்டு. தனிமை இல்லாததால் இந்த உறவில் ஆழம் குறைந்தது என்று சொல்வதற்கில்லை. மகன் எழுதியதைத் தாயுடன் சேர்ந்து தெருவும் கேட்டதால், அவன் நலம் தெருவின் கவலையுமாயிற்று.

படித்து முடித்த கடிதங்கள் வளைந்த கம்பியில் குத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் தொங்கின. குடும்ப வரலாறு தேடுவோருக்கு அந்தக் கம்பியே ஆவணம். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம் அதில் இருக்கும். சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடுவது வழக்கமாதலால், அது மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஒருவர் இறந்ததை, நலம் விசாரிக்கும் வரியிலிருந்து அவர் பெயர் காணாமற்போகும் இடத்தைக் கொண்டே ஆய்வாளர் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.