சர்க்கரை நோய்: வலிக்காத புண்ணை அலட்சியம் செய்ய வேண்டாம்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாரமங்கலம் மலைக்குள் இருக்கும் ஊர். அங்கிருந்து இறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய் வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் "வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். டைப் 2 சர்க்கரை நோயில் இந்தக் கணக்கு செல்லாது. வலியை உணரும் நரம்பையே கெடுக்கும் நோய் இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழகத்தில் 20 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 14 பேருக்கு உள்ளது. நம் குடும்பங்களில் வாப்பா, உம்மா, மாமி என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் சிறு ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. பாதம் மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். காப்பித் தோட்டச் சரிவில் முள் குத்தினாலும் தெரியாது. மார்கழிக் குளிரில் அடுப்பருகே காலை நீட்டிச் சூடு காய்ந்தால், வெந்து கொப்பளிக்கும் வரை உறைக்காது. அந்தப் புண் சீழ் பிடித்து எலும்பு வரை போன பிறகே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். விரலையோ காலையோ எடுக்க நேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒளு செய்யும்போது தினமும் காலைக் கழுவுகிறோம். கழுவியதும் விரல் இடுக்குகளை மென்மையாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். தினம் ஒருமுறையாவது உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது. வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டே காலில் ஊற்ற வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். புண், நிறமாற்றம், வீக்கம் எது தெரிந்தாலும் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள், சில நிமிட வேலைதான். இதற்கென்றே தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கிறது.

கண்ணும் சிறுநீரகமும் இதே போல்தான், சத்தமில்லாமல் கெடும். பார்வை நன்றாக இருக்கும்போதே வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதியுங்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பதும் வருடாந்திரம். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத் திணறல், வியர்வை வந்தால் வாயு என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொண்டிருக்கக் கூடாது.

மலைத்தேன் சுகரை ஏற்றாது என்று சொல்பவர்கள் உண்டு. தேனின் சிறப்பில் நமக்குச் சந்தேகமில்லை, ஆனால் அதில் இருப்பதும் சர்க்கரைதான். கேழ்வரகும் அளவோடுதான், கூழாகக் கரைத்துக் குடித்தால் சுகர் வேகமாக ஏறும். மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைப் பொடிக்கு மாறுவது இவை எல்லாவற்றையும் விட மோசம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

ரமழானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களும் அடிக்கடி சுகர் இறங்குபவர்களும் நோன்பு வைக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். விரலில் குத்தி சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். சுகர் 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ, மஃக்ரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். இறங்கியிருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.