தேயிலைக் கொழுந்தும் நொதியப் பகுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியின் வீழ்ச்சி, தேயிலையின் எழுச்சி, குடிபெயர்வு, குடியுரிமை, தொழிற்சங்கம் என்பன பற்றி நிறையவே எழுதியுள்ளனர். கொழுந்து தொழிற்சாலையின் வாயிலைக் கடந்ததும் பெரும்பாலும் அவர்தம் பேனா நின்றுவிடுகின்றது. உள்ளே நிகழ்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. கலைப்பீட மாணவன் இரசாயனத்தில் தலையிடுவதா எனச் சிலர் வினவக்கூடும். ஈண்டு ஆராயப்படுவது பெயரிடுதலின் வரலாறு; அது நமக்கும் உரிய துறையே.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பிவைத்தால் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் தோன்றும்; மணம் பிறக்கும். உரிய பதத்தில் சூடேற்றி உலர்த்தினால் அம்மாற்றம் நின்றுவிடும். அப்பதத்தைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்து சொன்னவர்கள், தோட்டத்து வழக்கில் 'ஸ்டோர்' எனப்படும் தொழிற்சாலைக்குள் உழைத்தவர்கள். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயரோ கள் புளிப்பதற்கும் மா பொங்குவதற்கும் உரிய பெயராகும். தமிழில் அது 'நொதித்தல்' என்றாயிற்று. நுண்ணுயிர்களே இதனைச் செய்கின்றன என்ற எண்ணம் அப்பெயருக்குள் ஒளிந்திருந்தது.

இவ்வெண்ணம் பிழையென்பது 1901ஆம் ஆண்டளவில் தெளிவாகத் தொடங்கியது. ஜப்பானில் அசோவும் இந்தியாவில் ஹரோல்ட் மானும் கொழுந்திலேயே ஓர் ஒட்சியேற்ற நொதியம் உள்ளதெனக் காட்டினர். இலங்கையில் 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. இலங்கைத் தேயிலையின் நொதித்தல் பற்றி லாம்ப், சிறீரங்காச்சார் ஆகியோர் எழுதிய ஆய்வுகள் 1940ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய உயிர்இரசாயனச் சஞ்சிகையில் வெளிவந்தன. அவற்றின் தலைப்பில் 'நொதித்தல்' என்ற சொல் மேற்கோட்குறிகளுக்குள் இடப்பட்டிருந்தது. அச்சொல்லின் மீது ஆய்வாளர் கொண்ட ஐயத்திற்கு அக்குறிகளே சான்று எனலாம்.

உருட்டும்போது இலையின் கலங்கள் சிதைகின்றன. அதுவரை வேறுவேறாக இருந்த பொலிபீனோல்களும் நொதியமும் கலக்கின்றன. வளியிலுள்ள ஒட்சிசன் சேர்கின்றது. இடையில் நுண்ணுயிர் பெருகினால் தேயிலைக்குக் கேடே விளையும். ஆகவே பெயர்ப் பிழை வெறும் சொற்பிழையன்று. அதனை நம்பியவர் போற்றவேண்டியதையும் விலக்கவேண்டியதையும் மாற்றிக் கொள்ளவும் இடமுண்டு.

பெயர்க் குழப்பம் தேயிலைக்கு மட்டும் உரியதன்று. 1930களில் வார்பர்க் ஆய்ந்த ஒரு நொதியத்திற்கு அதன் நிறத்தைக் கொண்டு 'மஞ்சள் நொதியம்' என்றே பெயர். ஒரே நொதியத்திற்குப் பல பெயர்களும், பல நொதியங்களுக்கு ஒரே பெயரும் வழங்கின. இதனைத் தீர்க்கச் சர்வதேச உயிர்இரசாயன ஒன்றியம் 1956இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. மல்கம் டிக்சன் தலைமையில் இயங்கிய அக்குழுவின் அறிக்கை 1961இல் வெளியாயிற்று. ஒரு நொதியம் எங்கிருந்து வந்தது, எந்நிறத்தது என்பதை விடுத்து, எந்தத் தாக்கத்தை ஊக்குவிக்கின்றது என்பதையே அது அடிப்படையாகக் கொண்டது. ஒட்சியேற்றித் தாழ்த்துவன, கூட்டங்களை இடமாற்றுவன, நீரால் பகுப்பன, நீரின்றிப் பிளப்பன, சமபகுதியாக்குவன, இணைப்பன என வகுப்புகள் ஆறாயின. தேயிலையின் கட்டக்கோல் ஒட்சிடேசு பெற்ற எண் 1.10.3.1. முதல் எண் ஒட்சியேற்ற வகுப்பு. 10 என்பது அது டைபீனோல்கள் மீது தொழிற்படுவதையும், 3 என்பது ஒட்சிசன் ஏற்பியாவதையும் குறிக்கும். இறுதியது வரிசை எண்.

ஐந்தாம் வகுப்பான ஐசோமரேசுகளே என்னை மிகவும் கவர்ந்தவை. இவை மூலக்கூற்றுடன் எதனையும் சேர்ப்பதில்லை, எதனையும் நீக்குவதில்லை, உள்ளதையே மாற்றியமைக்கின்றன. 'தசை' என்பது 'சதை' எனத் திரிந்தாலும் பொருள் மாறுவதில்லை. மூலக்கூற்றிலோ அணுக்களின் அமைவு மாறினால் குணமே மாறிவிடும். 5.3.1.1 என்னும் எண்ணுடைய திரையோசுபொசுபேற்று ஐசோமரேசு, ஒரு காபனிலிருந்து புரோத்தனை எடுத்து, இடைநிலையொன்றின் வழியாக, அயற்காபனில் புரோத்தனைச் சேர்க்கின்றது. மூலக்கூறு வந்து மோதும் வேகமே ஏறக்குறைய அதன் தொழில் வேகம். ஒளித்தொகுப்பு நிகழும் ஒவ்வோர் இலையிலும் இவ்வேலை நடைபெறுகின்றது.

ஆறு வகுப்புகளுள் நமது கொழுந்துக்கு ஒட்சியேற்ற வகுப்பு மட்டுமே உரியது எனக் கருதுவது பொருந்தாது. ஒட்சிடேசு மாற்றும் கட்டச்சின்கள் இலையில் உருவாகும் வழியிலேயே சல்கோன் ஐசோமரேசு நிற்கின்றது. திறந்திருக்கும் சல்கோனை அது வளையமாக மூடுகின்றது. நொதியம் இன்றியும் அவ்வளையம் மூடக்கூடும். ஆனால் அப்போது வலம், இடம் என இருவகை வடிவங்களும் கலந்து தோன்றும். நொதியமோ ஒரு வடிவத்தையே தருகின்றது. அன்றியும், கொழுந்து நசுங்கும்போது எழும் பச்சை வாசனையிலும் இவ்வகுப்பிற்குப் பங்குண்டு. அவ்வாசனைப் பொருள்களுள் ஒன்றான எக்சனாலின் இரட்டைப் பிணைப்பு மூன்றாம் காபனிலிருந்து இரண்டாம் காபனுக்கு நகர, கடும் புல்வாசனை தணிந்து வேறாகின்றது. நகர்த்துவதும் ஓர் ஐசோமரேசே. செம்பு நிறம் கண்ணைப் பறித்தமையால் ஒட்சிடேசின் புகழ் ஓங்கியது. அதற்கு முன்னரே வேலை முடித்தவை பேசப்படவில்லை.

ஐந்தாம் வகுப்பின் உட்பிரிவுகளை விரித்துரைப்பது இங்கு வேண்டுவதன்று. அவை இறுதியானவையும் அல்ல. டிஎன்ஏயின் முறுக்கைத் தளர்த்தும் நொதியங்கள் நெடுங்காலம் 'ஏனையவை' என்ற 5.99இல் ஒதுக்கப்பட்டிருந்து, பின்னர் 5.6 எனும் தனிப்பிரிவுக்கு மாற்றப்பட்டன. 2018இல் மென்சவ்வுகளூடே பொருள்களைக் கடத்தும் நொதியங்களுக்கென ஏழாம் வகுப்பே தோன்றிற்று. வேற்றுமையை ஏழெனக் கூறி, விளியையும் சேர்த்து எட்டெனக் கொண்ட தொல்காப்பியத்தைப் பயின்ற நமக்கு இது புதிதன்று.

ஹற்றன், தலவாக்கலைப் பகுதித் தொழிற்சாலைகளில் கொழுந்து செம்பு நிறம் பெறும் கட்டத்திற்கு இன்றும் நொதித்தல் என்பதே வழக்கு.