அடியில் இல்லாத பெயர்

அமெரிக்கப் பழைய பூஜாடிகளைச் சேகரிப்பவர்கள், ஜாடி கைக்கு வந்ததும் ஓவியத்தைப் பார்க்க மாட்டார்கள். முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். ரூக்வுட் ஜாடி என்றால் அதில் நியாயம் இருக்கு. 1880-இல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் தொடங்கிய பட்டறை அது. ஜாடியின் ஜாதகத்தை அடியிலேயே எழுதி அனுப்பினார்கள்.

1886-இல் முத்திரை வந்தது: திரும்பி நிற்கும் 'ஆர்', அதோடு ஒட்டிய 'பி'. மறு ஆண்டு அதன் தலைமேல் ஒரு தீச்சுடர். பிறகு ஆண்டுக்கு ஒரு சுடர். சுடர்களை எண்ணி 1886-உடன் கூட்டினால் வருஷம் கிடைத்துவிடும்; எட்டு சுடர் என்றால் 1894. 1900-இல் பதினான்கு. அதற்கு மேல் இடம் இல்லையோ என்னவோ, 1901 முதல் கீழே ரோமன் எண் போட ஆரம்பித்தார்கள். இதுபோக வடிவ எண், அளவைக் குறிக்கும் எழுத்து, வரைந்தவரின் முதலெழுத்துகள். 1887-இல் சேர்ந்த கட்டாரோ ஷிராயமடானி ஜப்பானிய எழுத்திலேயே கையெழுத்திட்டார். முத்திரைக்குக் குறுக்கே சாணைச் சக்கரத்தால் கீறிய 'எக்ஸ்' இருந்தால், அது பட்டறையே இரண்டாம் தரம்னு ஒதுக்கிய சரக்கு. விற்பவர் அங்கே கட்டைவிரலை வைத்துப் பிடிக்கிறாரா என்று கவனிப்பது நல்லது.

இவ்வளவு எழுதியவர்கள் ஒரு பெயரை மட்டும் எழுதவில்லை.

ரூக்வுட்டின் புகழ்பெற்ற 'ஸ்டாண்டர்ட்' வகையைப் பாருங்கள். அடர்பழுப்பு மெல்ல மெல்லக் கரைந்து தேன்நிறமாகிறது; எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தூரிகையில் அது வராது. சுடாத ஈரமண் மேல் வண்ணக் களிமண் குழம்பை வாயால் ஊதும் தெளிப்பான் வழியாகத் தூவும் முறையைக் கொண்டுவந்தவர் லாரா ஃப்ரை, அங்கே வேலை பார்த்த ஓவியர். வேலையை விட்டபின் 1889-இல் காப்புரிமை வாங்கினார். பிறகு ரூக்வுட் மீதே வழக்குப் போட்டார்.

1898-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். தெளிப்பான் ஏற்கெனவே இருந்த கருவிதானே, அதைப் புது இடத்தில் பயன்படுத்தியதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று முடிந்தது வழக்கு. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு என்னவோ ஒப்பவில்லை. கருவி எல்லார் கையிலும் இருந்தது, ஈரமண்ணில் ஊதிப் பார்க்கத் தோன்றியது அவருக்குத்தானே!

அதற்குள் அந்த முறை ஒஹையோ முழுக்கப் பரவியிருந்தது. சேன்ஸ்வில்லின் வெல்லர் பட்டறை, மகள் லூயிஸின் பெயரையும் சேர்த்து 'லூவெல்சா' என்று அதே பழுப்பில் ஜாடிகளை விற்றது. ரோஸ்வில் பட்டறை விற்றது 'ரோசேன்'. தூர இருந்து பார்த்தால் மூன்றும் உடன்பிறப்புகள்தான், பிரித்துச் சொல்லக் கவிழ்த்துத்தான் ஆகணும். லாராவின் எழுத்துகளோ அவரே வரைந்த ஜாடிகளின் அடியில் மட்டும்தான்.