நாகசாகியின் விசிறித் தீவு

நாகசாகித் துறைமுகத்தில் கடலைத் தூர்த்து, 1636-ல் ஒரு தீவைக் கட்டி முடித்தார்கள். விரித்த விசிறியின் வடிவம்; நீளம் சுமார் 120 மீட்டர், அகலம் 75. தெஜிமா என்று பெயர். ஊருக்குள் திரிந்து கிறிஸ்தவத்தைப் பரப்பிவந்த போர்த்துகீசியரை அடைத்துவைக்கத்தான் இந்த ஏற்பாடு. மூன்றே ஆண்டுகளில் அவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். ஆளில்லாமல் கிடந்த தீவுக்கு 1641-ல் டச்சுக்காரர்கள் கொண்டுவரப்பட்டனர். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கு ஜப்பானில் ஐரோப்பியன் குடியிருக்க முடிந்த ஒரே இடம் அதுதான்.

நாட்டை ஆண்ட ஷோகன் டோக்குகாவா இயெமிட்சு அஞ்சியது வெளிநாட்டானை மட்டுமல்ல. 1635-ல் அவர் இரண்டு ஆணைகள் பிறப்பித்தார். ஜப்பானியர் கடல் கடந்து போகக் கூடாது, போனவர் திரும்பினால் மரண தண்டனை என்றது ஒன்று. டைம்யோ எனப்படும் நிலப்பிரபுக்கள் ஓராண்டு தம் ஊரிலும் ஓராண்டு தலைநகர் எடோவிலும் மாறிமாறி இருக்க வேண்டும், மனைவி மக்கள் நிரந்தரமாக எடோவில் தங்க வேண்டும் என்றது மற்றது. சொல்லப்போனால் பணயக்கைதி முறை. பரிவாரத்தோடு போய்வரும் செலவிலேயே பிரபுக்களின் கஜானா கரைந்தது. உள்ளே பிரபுக்கள், வெளியே பாதிரிகள், இருவரையும் ஒரே கண்ணோடு பார்த்த ஆட்சி அது. 1637-ல் ஷிமாபாராவில் கிறிஸ்தவ விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததும் அந்தப் பயம் உறுதிப்பட்டது. 1640-ல் வணிகத்தை மீண்டும் தொடங்கலாமா என்று கேட்க போர்த்துகீசியரின் மக்காவ் நகரிலிருந்து வந்த தூதுக்குழுவில் 61 பேரின் தலை உருண்டது.

அதற்காக நாடே கதவடைத்துக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. சீனக் கப்பல்கள் நாகசாகிக்கு வந்துகொண்டிருந்தன. கொரியாவோடு ட்சுஷிமா வழியாகவும், ரியூக்யூ தீவுகளோடு சாட்சுமா வழியாகவும் போக்குவரத்து இருந்தது.

தெஜிமாவையும் ஊரையும் இணைத்தது ஒரே பாலம், அதற்கும் காவல். பட்டும் சர்க்கரையும் வந்து இறங்கின. வெள்ளியும் செம்பும் ஏறின. சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணிக்கு எடோவின் நாகரிக இளைஞர்களிடம் தனி மவுசு. மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயராலேயே அதை ‘சாந்தோமே’ என்றார்கள். டச்சுத் தலைவர் ஆண்டுதோறும் எடோவுக்குப் போய் ஷோகனை வணங்க வேண்டும். 1691-ல் கூடப் போன மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ஃபரை ஆடச் சொல்லி, பாடச் சொல்லி, குடிகாரனைப்போல் நடிக்கச் சொல்லித் திரைக்குப் பின்னாலிருந்து ஷோகன் பார்த்து ரசித்தார். ஆனால் வேடிக்கையோடு அது நிற்கவில்லை. கப்பல் வரும்போதெல்லாம் உலகச் செய்திகளை அறிக்கையாகத் தர வேண்டும் என்பது டச்சுக்காரருக்கு விதித்த நிபந்தனை. மூடிய நாட்டின் அரசு, வெளியே நடப்பதை ஒழுங்காக வாசித்துவந்தது.

1720-ல் ஷோகன் யோஷிமுனே, கிறிஸ்தவம் கலவாத வெளிநாட்டு நூல்களுக்கான தடையைத் தளர்த்தினார். 1771-ல் எடோவின் கோசுகாப்பாரா கொலைக்களத்தில் தண்டனை பெற்ற ஒரு பெண்ணின் உடலை அறுத்தபோது, சுகிதா கென்பாக்கு, மாயேனோ ரியோதாக்கு என்ற மருத்துவர்கள் டச்சு உடற்கூற்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அறுத்தவர் தொண்ணூறு வயதுக் கிழவர், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். மருத்துவர்கள் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். எந்த உறுப்பு எங்கே இருக்கிறதென்று காட்டிக்கொண்டே வந்தவர் அவர். சீன நூல்கள் சொன்னது பொய்த்தது; டச்சுப் படங்கள் அச்சாகப் பொருந்தின. அரைகுறை டச்சு அறிவோடு மறுநாளே மொழிபெயர்க்க உட்கார்ந்து, 1774-ல் நூலை வெளியிட்டார்கள்.

மருத்துவத்தில் தொடங்கிய ஆர்வம் பீரங்கிக்குத் தாவியது. 1808-ல் டச்சுக் கொடியேற்றி நாகசாகிக்குள் நுழைந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஃபேட்டன், உணவும் நீரும் மிரட்டி வாங்கிக்கொண்டு போனது. நாகசாகி ஆளுநர் மானம் தாங்காமல் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். துறைமுகக் காவலுக்குப் பொறுப்பான சாகா பிரபு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அந்த அவமானத்தை சாகா மறக்கவில்லை. 1850-ல் அங்கே இரும்புப் பீரங்கி வார்க்க உலை எழுப்பினார்கள். வழிகாட்ட வெளிநாட்டு நிபுணர் எவருமில்லை. லியேஜ் நகரப் பீரங்கி ஆலையைப் பற்றிய ஒரு டச்சு நூல்தான் ஆசான். வார்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. ஆனாலும் ஆரித்தா பீங்கானுக்குப் பேர்போன சீமை சாகா. நெருப்பின் குணமறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1852-ல் பீரங்கி உருப்படியாக வந்தது.

மறு ஆண்டு ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு கறுப்புக் கப்பல்களோடு உராகாவில் வந்து நின்றார். தூங்கிய ஜப்பானைத் தட்டி எழுப்பியவர் என்று அவரைச் சொல்வதுண்டு. ஆனால் அவர் வரப்போகிறார் என்று டச்சுக்காரர் முந்தைய ஆண்டே எச்சரித்திருந்தார்கள். இரு தரப்பும் பேசிக்கொண்டதும் பெரும்பாலும் டச்சு மொழியில்தான். எடோ வளைகுடாவைக் காக்க அரசு பீரங்கிக்கு ஆளனுப்பிய இடம் சாகா.

டச்சு மொழியின் செல்வாக்கு அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. ஒசாகாவில் ஓகாட்டா கோவானின் பள்ளியில் இராப்பகலாக டச்சு படித்த இளம் சாமுராய் ஃபுக்குசாவா யூகிச்சி, 1859-ல் புதிதாகத் திறந்த யோகோஹாமா துறைமுகத்தைப் பார்க்கப் போனார். கடைப் பலகைகளில் ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லை, எல்லாம் ஆங்கிலம். மனமுடைந்து திரும்பியவர் மறுநாளே ஆங்கிலம் படிக்கத் தீர்மானித்தார். 1860-ல் கான்ரின் மாரு கப்பலில் பசிபிக்கைக் கடந்தார். கப்பல் நெதர்லாந்தில் கட்டியது. தலைவர் காட்சு கைஷு கடற்பயிற்சி பெற்றது நாகசாகியில், டச்சு ஆசிரியர்களிடம். சான் பிரான்சிஸ்கோவில் ஃபுக்குசாவாவும் மொழிபெயர்ப்பாளர் மான்ஜிரோவும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் ஆங்கில அகராதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.