வாத்தியார், சம்பளம், தொழில்நெறி

'ஆசிரியப் பணி புனிதமானது' என்பவர்களும் 'வாங்குற சம்பளத்துக்கு வேலை பாக்கட்டும்' என்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம். இந்த இரட்டைப் பேச்சின் வரலாற்றுக்கு 1820களின் சென்னை மாகாணத்திலிருந்து தொடங்கலாம்.

1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இதில் பெண்கள் 4,540 பேர்தான். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. ஆகவே திண்ணைப் பள்ளியை நினைத்து உருக ஒன்றுமில்லை. ஆனால் அண்ணாவி எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கச்சேரியிலிருந்து உத்தரவு வந்ததில்லை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி எல்லாம் ஊரின் அளவை, ஊரின் கணக்கு. அவர் பதில் சொன்னது ஊருக்கு. (ஊர் என்றால் நிலம் வைத்திருந்தவர்கள் என்று வாசிக்கவும்.)

ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை, இதற்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள் என்று எழுதிய மன்றோ, கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் சம்பளம் முன்மொழிந்தார். வாத்தியார் சர்க்கார் ஆளாகும் கதை இப்படித் தொடங்குகிறது.

சம்பளத்தோடு கண்காணிப்பும் வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் புகுத்திய 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' அந்தப் பத்தாண்டிலேயே சென்னைக்கும் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கில் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறின தலைக்கு இவ்வளவு என்று மானியம். வயல்வேலைக்குப் போய் பாதி நாள் வராத பிள்ளை இந்தக் கணக்கில் வெறும் நஷ்டம். திண்ணையிலும் மனப்பாடம் உண்டு. ஆனால் அங்கே மனனம் என்பது கணக்கைப் போடும் வழி என்கிறது செந்தில்பாபுவின் ஆய்வு. இப்போது அது இன்ஸ்பெக்டர் முன்னால் ஒப்பிப்பதற்கான சரக்காயிற்று. எதைப் படிப்பிப்பது என்ற முடிவு வாத்தியாரிடம் இல்லை. பிள்ளை தவறினால் பழி மட்டும் அவருக்கு. இதைத்தான் 'தொழில்நெறி' என்றார்கள்.

1966 அக்டோபர் 5இல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த பரிந்துரை வேறு மாதிரிப் பேசியது. ஆசிரியம் நிபுணத்துவம் வேண்டும் தொழில். ஆகவே பாடமுறையில் சுதந்திரமும், சம்பளத்தைப் பேசித் தீர்மானிக்கும் உரிமையும் அதில் சேர்த்தி. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. எந்த அரசையும் கட்டுப்படுத்தாது.

தமிழ்நாட்டில் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6இல் உச்சநீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்குச் சட்டப்படியான உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமையும் கிடையாது என்றது. வேலை திரும்பக் கிடைக்க நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதி 22ஐ மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதித் தர வேண்டியிருந்தது. வகுப்பில் வாத்தியார்கள் பையன்களிடம் எழுதி வாங்குகிற அதே மாதிரிக் கடிதம்தான்.