டீசல் எந்திரமும் ஈதர் தெளிப்பானும்

கடுங்குளிரில் டீசல் எந்திரத்தைக் கிளப்புவதற்கு, அது காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஈதர் தெளிப்பது நெடுநாள் வழக்கமாகும். அதே குழாய் வழியே வேறு எரியாவி புகுந்தால், ஓடும் எந்திரத்தை நிறுத்துவது கடினமாகிவிடும்.

தொடக்கம்

ருடால்ஃப் டீசலின் எந்திரம் 1897 இல் செருமனியின் ஆக்சுபர்க்கு நகரில் வெற்றிகரமாக இயங்கியது. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிர்காலத்தில் உலோகச் சுவர்கள் அவ்வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் எந்திரம் எளிதில் கிளம்பாது. 1931 இல் வெளிவந்த கேட்டர்பில்லர் டீசல் டிராக்டரில், முதன்மை எந்திரத்தைக் கிளப்புவதற்கென்றே சிறிய பெட்ரோல் எந்திரம் ஒன்று இருந்தது.

ஈதரின் பயன்பாடு

டை எத்தில் ஈதர் சுமார் 35 °செ வெப்பநிலையில் கொதிக்கும். சுமார் 160 °செ வெப்பநிலையில் தானாகவே தீப்பற்றும். டீசலுக்கு 200 °செ-க்கு மேல் தேவை. ஆகவே குளிர்ந்த எந்திரத்திலும் ஈதர் எளிதில் எரிகிறது. முதலில் ஈதர் அடைத்த சிறு கூடுகள் பயன்பட்டன. நார்வே நாட்டின் எரிக் ரோத்தெய்ம் 1920களில் உருவாக்கிய ஏரோசால் கலன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் பூச்சிக்கொல்லி தெளிக்கப் பரவலாகப் பயன்பட்டது. பின்னர் ஈதரும் இத்தகைய கலன்களில் விற்பனைக்கு வந்தது.

அளவு மிஞ்சினால், உந்துதண்டு மேலே வந்து சேருமுன்பே ஈதர் வெடித்து, உந்துதண்டு வளையங்களை உடைக்கக்கூடும். குளோ பிளக் சூடாக இருக்கும்போது தெளித்தால் உள்ளிழுக்கும் குழாயிலேயே தீப்பிடிக்கலாம்.

நிறுத்துதல்

வழக்கமாக எரிபொருளைத் துண்டித்தால் டீசல் எந்திரம் நின்றுவிடும். ஆனால் எரியாவியோ மசகு எண்ணெயோ காற்றுடன் உள்ளே வந்தால், சாவியைத் திருப்பியும் பயனில்லை; வேகம் கட்டின்றி ஏறி எந்திரம் சிதறக்கூடும். அப்போது காற்றை அடைப்பதே வழியாகும். 1938 இல் அறிமுகமான டெட்ராய்ட் டீசல் 71 வரிசை எந்திரங்களில் இதற்கென அவசர மூடி பொருத்தப்பட்டது. மூடி இல்லாதபோது, தீயணைப்புக் கலனிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்கும் குழாயில் செலுத்தி ஆக்சிசனைக் குறைப்பர். உறிஞ்சும் விசை மிகுதியாதலால் கையால் அடைப்பது ஆபத்தானது.

டெக்சசு நகர விபத்து

2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் டெக்சசு நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எரியாவி பரவி வெடித்ததில் 15 பேர் இறந்தனர். 180 பேர் காயமடைந்தனர். அருகில் ஓடிக்கொண்டிருந்த டீசல் வாகனமே தீ மூட்டியிருக்கக்கூடும் என அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஈதர் தெளித்துக் கிளப்புவோர் பயன்படுத்திக்கொள்ளும் அதே இயல்புதான் அங்கு பேரிடருக்கு வழிவகுத்தது.