தொலைந்ததாக நினைத்த குரல்: சதிமா பீ பெஞ்சமின்

அம்மம்மா பாடிய தாலாட்டு ஒன்று கசெற்றில் பதிந்து எங்கள் வீட்டில் இருந்தது. இடப்பெயர்வில் அது போய்விட்டது. அதனாலோ என்னவோ, தென்னாபிரிக்க ஜாஸ் பாடகியும் இசையமைப்பாளருமான சதிமா பீ பெஞ்சமினைப் பற்றி வாசித்தபோது, ஒலிநாடா பற்றிய பகுதியில் அப்படியே நின்றுவிட்டேன்.

1936இல் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்த சதிமா, கேப் டவுனில் பாட்டியிடம் வளர்ந்தார். வீட்டு வானொலியில் கேட்ட பாடல்களே அவரது முதல் பாடம். நிறவெறிச் சட்டம் அவரைக் 'கலப்பினத்தவர்' என்று பிரித்து வைத்தது. 1959இல் பியானோக் கலைஞர் டொலர் பிராண்டின் குழுவுடன் ஓர் இசைத்தட்டுக்காகப் பாடினார். அது வெளிவரவேயில்லை. பின்னாளில் அவரது கணவரான இந்த பிராண்டைத்தான் உலகம் அப்துல்லா இப்ராஹிம் என்று அறிகிறது.

1960இல் ஷார்ப்வில்லில் பொலிஸார் 69 பேரைச் சுட்டுக் கொன்றனர். அதன்பின் ஒடுக்குமுறை இறுகியது. 1962இல் இருவரும் நாட்டைவிட்டு வெளியேறி ஐரோப்பா சென்றனர்.

1963இல் சூரிச்சுக்கு வந்த டியூக் எலிங்டனிடம் போய், பிராண்டின் வாசிப்பைக் கேட்க வருமாறு அழைத்தவர் சதிமாதான். எலிங்டன் அவரையும் பாடச் சொன்னார். சில நாட்களில் பாரிஸில் இருவருக்கும் ஒலிப்பதிவு நடந்தது. பிராண்டின் இசைத்தட்டு வெளிவந்து அவருக்குப் பெயர் தேடிக் கொடுத்தது. சதிமாவின் பதிவு கிடப்பில் போடப்பட்டது. நாடா தொலைந்துவிட்டது என்றே நம்பப்பட்டது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1977இல் நியூயோர்க்கில் குடியேறினார். 1979இல் 'எகாப்பா' என்ற சொந்த வெளியீட்டகத்தைத் தொடங்கினார். கோசா மொழியில் அதற்குக் 'கேப்பில்' என்று பொருள். தன் ஊரின் பெயரிலேயே தன் இசையை வெளியிட்டார். ஆபிரிக்காவையும் விடுதலையையும் பற்றிப் பாடல்கள் எழுதினார். ஆபிரிக்க தேசிய காங்கிரசுக்கு ஆதரவான மேடைகளில் பாடினார்.

பாரிஸில் பதிவு செய்த ஒலிப்பதிவாளர் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்திருந்தார். 1997இல் அது 'ஏ மோர்னிங் இன் பாரிஸ்' என்ற இறுவட்டாக வந்தது. 26 வயதில் பாடியதை உலகம் கேட்டபோது சதிமாவுக்கு 60 வயது.

2004இல் தென்னாபிரிக்க அரசு 'இக்கமாங்கா' வெள்ளி விருதை வழங்கி அவரைக் கௌரவித்தது. 2011இல் கேப் டவுனுக்குத் திரும்பினார். 2013 ஓகஸ்ட் 20இல் அங்கேயே காலமானார்.

அந்த ஒலிப்பதிவாளர் செய்தது ஒரு சின்ன வேலை. ஒரு பிரதியை எறியாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பழைய கசெற் ஏதும் மிஞ்சியிருந்தால், பூஞ்சை பிடிக்கும் முன் அதைக் கணினியில் ஏற்றி, இரண்டு இடங்களில் வைத்திருங்கள். யாருடைய குரல், எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.